கோடைச் சாயங்காலத்துக்கு மசாலா தடவிய பன்றி இறைச்சி: குழம்புக் கைக்காரர்களுக்கு ஒரு கிரில் பாடம்

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று மெமோரியல் டே வரும். அன்று சாயங்காலம் தெருவில் கிளம்பும் கரிப்புகை, செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே வரைக்கும் ஓயாது. வெளியே வெயில் கொளுத்தும்போது வீட்டுக்குள் அடுப்பை எரியவிட்டு ஏசியோடு மல்லுக்கு நிற்பதைவிட, சமையலைப் புழக்கடைக்குக் கொண்டுபோவது நல்ல யோசனைதான். புதிதாக வந்திறங்கிய நம்மவர்கள் கிரில் வாங்கியதும் முதலில் போடுவது கோழிக்கால். வெளியே கரி, எலும்போரம் ரத்தம். கோழிக்கால் முதல் பாடத்துக்கு ஏற்றதே இல்லை. என்னைக் கேட்டால் பன்றி டெண்டர்லாயினில் தொடங்குங்கள் என்பேன். எலும்பு கிடையாது, தோல் கிடையாது, கொழுப்பு சொட்டி நெருப்பு எகிறும் வம்பும் அனேகமாகக் கிடையாது. கரி தயாரானபின் அரை மணி நேரத்தில் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.

இடைஞ்சல் ஒன்றுதான்: குழம்பு வைத்துப் பழகிய நம் கை.

டெண்டர்லாயின் என்பது பன்றியின் முதுகெலும்புக்கு உள்பக்கமாக நீளவாக்கில் ஓடும் தசை. தோள்பட்டையும் தொடையும் உழைக்கிற அளவுக்கு அது உழைப்பதில்லை. அதனால் பிறவியிலேயே மிருது. வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கக் கொதிக்கக் கறி பூப்போல ஆகிறதே, அதற்குக் காரணம் உழைத்த தசைக்குள் இருக்கும் ஜவ்வு மெல்லக் கரைந்து பிசுபிசுப்பாக மாறுவது. டெண்டர்லாயினில் அப்படிக் கரைவதற்கு ஏதும் பெரிதாக இல்லை. நேரம் போகப் போக உள்ளே இருக்கும் நீர்தான் வெளியேறும். “எதற்கும் இன்னும் பத்து நிமிஷம் கிடக்கட்டும்” என்று நான் விட்ட முதல் துண்டு பென்சில் அழிரப்பர் மாதிரி ஆனது. விருந்தாளிகள் மரியாதைக்கு மென்று தின்றார்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது

பாக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் சேர்ந்தே வரும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரைக் கிலோ. நாலைந்து பேருக்கு ஒரு பாக்கெட் போதும். பக்கத்திலேயே ‘லாயின்’ என்ற பெயரில் இன்னொன்று கிடக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். அது முதுகின் மேல்பக்கத் தசை, நல்ல தடிமன், நேரக் கணக்கே வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஏமாறுகிறவர்கள் நிறைய. உங்களுக்கு வேண்டியது மணிக்கட்டுப் பருமனில், ஒரு முனை தடித்து மறுமுனை வால்போல மெலிந்து இருக்கும்.

சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றிய இறைச்சி அங்கே சாதாரணமாக விற்கும். எத்தனை சதவீதம் கரைசல் சேர்ந்திருக்கிறது என்று சீட்டிலேயே இருக்கும். அதன்மேல் நீங்களும் உப்புப் போட்டால் கருவாடுதான். மிளகு, எலுமிச்சை என்று முன்கூட்டியே ஏதாவது தடவி விற்பதும் வேண்டாம். மசாலா போட நமக்குத் தெரியாதா?

அதே கடையில் இன்னொரு பொருளும் வாங்குங்கள்: இறைச்சிக்குள் குத்தி உடனே வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டர். கிரில்லுக்குச் செலவழித்த காசில் சின்னப் பங்குதான் ஆகும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆலோசனையைத்தான் கேட்பேன் என்று அடம்பிடித்தால், இதைக் கேளுங்கள்.

கழுவ வேண்டாம், வெள்ளித்தோலை எடுங்கள்

கறியை வாங்கி வந்ததும் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசுவது நம் ரத்தத்தில் ஊறியது. இங்கே அதை விட்டுவிடுங்கள். கழுவுவதால் கிருமி சாவதில்லை, தெறிக்கும் தண்ணீரோடு தொட்டி, மேடை, பக்கத்தில் கிடக்கும் கொத்தமல்லிக்கட்டு என்று எங்கும் பரவத்தான் செய்கிறது. அமெரிக்க வேளாண் துறையும் கழுவ வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கிரில்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரமான மேற்பரப்பு முதலில் ஆவியாகி, அப்புறம்தான் சிவக்கும். அதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும். ஆகவே பேப்பர் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள்.

துண்டின் தடித்த பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பளபளக்கும் ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை வெள்ளித்தோல் என்பார்கள். எவ்வளவு சூட்டிலும் கரையாது, சுருங்கித் துண்டையே வில்லாக வளைத்துவிடும், பல்லிலும் மாட்டும். கூரான சின்னக் கத்தியின் நுனியை அதன் அடியில் நுழைத்து, விளிம்பை மேலே சாய்த்தபடி வழித்துக்கொண்டே போங்கள். முதல் தடவை கொஞ்சம் கறியும் சேர்ந்து வரும், பரவாயில்லை. அப்புறம் வால் முனையை நாலு விரல் நீளத்துக்கு உள்பக்கமாக மடித்துச் சமையல் நூலால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுத்துண்டு வேகும்முன் வால் காய்ந்து குச்சியாகிவிடும்.

உப்பு முதலில், மசாலா அப்புறம்

கடையில் கிடைக்கும் தடவல் பொடிகளில் உப்பும் மசாலாவும் ஒன்றாகவே இருக்கும். நான் பிரித்துத்தான் போடுவேன். உப்பு உள்ளே இறங்கும், மசாலா மேலேயே நிற்கும். இரண்டுக்கும் வேண்டிய நேரம் வேறு வேறு.

ஒரு கிலோ இறைச்சிக்கு 12 கிராம் உப்பு. நம் வழக்கமான தூளுப்பில் அது தலை தட்டிய 2 தேக்கரண்டி. அங்கே கடைகளில் கிடைக்கும் கோஷர் உப்பு பருமனானது. பிராண்டைப் பொறுத்து அதே கரண்டியில் பாதி எடைதான் நிற்கும். அதனால் தராசில் நிறுப்பது நல்லது. காலையிலோ முந்தின நாள் ராத்திரியிலோ தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரோடு சேர்ந்து தானே உள்ளே போகும், மேற்பரப்பும் காய்ந்திருக்கும். ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கு வந்தீர்களா? ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும். அதுவும் இல்லையென்றால் நெருப்பில் வைக்கும்போது போடுங்கள். இரண்டுக்கும் நடுவில், கால் மணி நேரத்தில், இறைச்சி வியர்த்து நனைந்து நிற்கும். அப்போது மட்டும் வைக்காதீர்கள்.

இனி மசாலா. இஞ்சி பூண்டு விழுது, தயிர், வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். ஈரமான எதுவும் வேண்டாம். டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரத்தில் பன்றி விலா எலும்பைச் சாஸ் இல்லாமல் வறண்ட பொடியோடு பரிமாறும் வழக்கம் உண்டு. அதற்குப் பேர்போன ராண்டவூ உணவகத்தை 1948-ல் தொடங்கிய சார்லி வெர்கோஸ் கிரேக்க வம்சாவளிக்காரர். அந்த ஊர்ப் பொடியை ஒருமுறை தின்று பார்த்தால், உலர்ந்த மசாலா எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

ஒரு கிலோவுக்கு என் அளவு இது. பாப்ரிகா 1 மேசைக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை 2 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, கொரகொரப்பாக இடித்த மிளகு 1 தேக்கரண்டி, பூண்டுப் பொடி 1 தேக்கரண்டி, நம் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை இருந்தால் இன்னும் நல்லது. பாப்ரிகா இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் அதே நிறம் தரும், காரம் சற்றுக் கூடும். கரம் மசாலாவைச் சிலர் சேர்க்கிறார்கள். நெருப்பு பட்டதும் கிராம்பும் பட்டையும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்பதால் எனக்குப் பிடிப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் சமையல் குறிப்பில் ‘சில்லி பவுடர் 2 மேசைக்கரண்டி’ என்று போட்டிருந்தால் அது நம் மிளகாய்த்தூள் இல்லை! காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டெல்லாம் கலந்த கலவைப் பொடி அது. இது தெரியாமல் ஊரிலிருந்து வந்த குண்டூர் மிளகாய்த்தூளை அதே அளவுக்கு அள்ளிப் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்டு. பிள்ளைகள் அன்று ரொட்டியும் தயிரும் சாப்பிட்டார்கள்.

கரி பற்றவைக்கும்போதே துண்டுகளின்மேல் எண்ணெய் லேசாகத் தடவி, பொடியை எல்லாப் பக்கமும் தூவிக் கையால் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், ஒட்டினால் போதும். பச்சைக் கறி தொட்ட கையைப் பொடி டப்பாவுக்குள் விடாமல், தேவையானதை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு சேராததால் மீதிப் பொடி எதற்கும் உதவும். சுட்ட சோளத்துக்குக்கூட.

நெருப்பு: ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் காலி

கிரில்லை எங்கே வைப்பது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள், கராஜுக்குள் கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொன்றுவிடும். பல அடுக்ககங்களில் பால்கனியில் கிரில் வைக்கத் தடை உண்டு. குடியிருப்பு ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். தடையென்றால் கவலை வேண்டாம், எத்தனையோ பொதுப் பூங்காக்களில் இரும்புக் கம்பத்தில் பொருத்திய கரி கிரில் இருக்கும். கரியும் ஒரு தட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும். அவற்றுக்குப் பெரும்பாலும் மூடி இருக்காது, அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துச் சமாளிக்கலாம்.

கரிக்கட்டி பற்றவைக்கச் சிம்னி என்ற தகரக் குழாய் ஒன்று விற்கிறது. மேலே கரியை நிரப்பி, அடியில் இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி வைத்துக் கொளுத்தினால் 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியும் சாம்பல் பூத்துவிடும். பற்றவைக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அந்த மண்ணெண்ணெய் வாடை கறியில் ஏறினால் எந்த மசாலாவும் மறைக்காது.

கனிந்த கரியை முழுவதும் பரப்பாமல், அடிப்பாகத்தின் ஒரு பாதியில் மட்டும் கொட்டுங்கள். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும். கிரில் சமையலின் சூட்சுமம் முழுக்க இந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. சூடான பக்கம் சிவக்க வைக்கும், காலிப் பக்கம் நிதானமாக வேகவைக்கும். ஏதாவது கைமீறிப் போனால் துண்டை நகர்த்த ஓர் இடமும் இருக்கும். கேஸ் கிரில்லானால் ஒரு பக்கத்து பர்னரை முழுதாகத் திறந்து, மறுபக்கத்தை அணைத்துவிட்டு, மூடியைப் போட்டு 10 முதல் 15 நிமிடம் காயவிடுங்கள்.

மூடி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. இன்று எல்லாப் புழக்கடையிலும் தெரியும் அந்த உருண்டைக் கிரில்லை 1952-ல் உருவாக்கியவர் ஜார்ஜ் ஸ்டீஃபன். அவர் வேலை பார்த்த வெபர் பிரதர்ஸ் இரும்புப் பட்டறையில், தண்ணீரில் மிதக்கவிடும் மிதவைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த உருண்டையை இரண்டாக்கி, கீழ்ப்பாதியில் கரியும் மேல்பாதியை மூடியுமாக வைத்துவிட்டார். திறந்த நெருப்பு வாட்டும், அவ்வளவுதான். மூடினால் அதே நெருப்பு ஓவன் ஆகிவிடுகிறது. நம்மவர்கள் மூடியைத் திறந்துவைத்து விசிறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது ஜார்ஜ் ஸ்டீஃபனுக்காக வருத்தப்படுவேன்.

கம்பி காய்ந்ததும் சுத்தம் செய்ய, அலுமினியத் தாளைக் கசக்கி இடுக்கியால் பிடித்துத் தேயுங்கள். இரும்பு முள் பிரஷ்ஷில் முள் உதிர்ந்து கம்பியில் ஒட்டிக்கொள்ளும். அது கறியோடு தொண்டைக்குள் போய் ஆஸ்பத்திரி வரை போனவர்கள் உண்டு. சூடு போதுமா என்று பார்க்க, உள்ளங்கையைக் கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் சரி.

இருபது நிமிடம்

இரண்டு துண்டையும் சூடான பக்கத்தில், கம்பிக்குக் குறுக்காக வையுங்கள். இரண்டு நிமிடம் தொடாதீர்கள். பின்பு கால்வட்டம் திருப்புங்கள், இன்னும் இரண்டு நிமிடம். நாலு பக்கமும் இப்படி ஆனால் எட்டு நிமிடம். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுத்துப் பிய்க்க வேண்டாம், அரை நிமிடத்தில் தானே விடும். பொடியில் சர்க்கரை இருக்கிறது, அதைக் கண் வைத்துப் பாருங்கள். பழுப்பு கடந்து கருப்புக்குப் போகத் தொடங்கினால் நேரம் ஆகாவிட்டாலும் காலிப் பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

நாலு பக்கமும் சிவந்ததும் இரண்டையும் காலிப் பக்கத்துக்கு மாற்றி, தடித்த முனை நெருப்பைப் பார்த்தபடி இருக்க, மூடியைப் போடுங்கள். மூடியின் காற்றுத் துளை கறிக்கு மேலே வரட்டும், சூடு அந்தப் பக்கமாக இழுத்துப் போகும். எட்டு நிமிடம் கழித்துத் தெர்மாமீட்டரைத் தடித்த இடத்தின் நடுவில், பக்கவாட்டில் இருந்து குத்திப் பாருங்கள். 60 டிகிரி செல்சியஸ், அதாவது 140 பாரன்ஹீட் காட்டினால் எடுத்துவிடுங்கள். காட்டவில்லையா, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கடிகாரத்தை நம்ப வேண்டாம். காற்று, கரியின் அளவு, துண்டின் பருமன் எல்லாமே நேரத்தை மாற்றும்.

எடுத்தபின்னும் வெளிச்சூடு உள்ளே போய்க்கொண்டிருப்பதால் வெப்பநிலை தட்டிலேயே 63 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 145 பாரன்ஹீட்டுக்கு ஏறிவிடும். ஏறியதா என்று மறுபடி குத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏறாவிட்டால் காலிப் பக்கத்தில் ஓரிரண்டு நிமிடம் திரும்பப் போடலாம்.

நறுக்கினால் நடுவில் மெல்லிய இளஞ்சிவப்பு தெரியும். நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் சண்டை வரும். பன்றி என்றாலே வெள்ளையாக வேக வேண்டும் என்ற பயம் சும்மா வந்ததில்லை. டிரிக்கினெல்லா என்ற உருளைப்புழு ஒரு காலத்தில், கழிவு தின்று வளர்ந்த பன்றிகளில் இருந்தது. பண்ணை முறை மாறியபின் அங்கே அந்த நோய் வருவது பெரும்பாலும் கரடி போன்ற காட்டு விலங்குக் கறியில். 2011 மே மாதம் அமெரிக்க வேளாண் துறை, முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கு 145 டிகிரி பாரன்ஹீட்டும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. அதற்கு முன்பு 160. கொத்திய கறிக்கு இன்றைக்கும் 160-தான், அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

இந்தக் கணக்கை அப்படியே ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். தெருவில் மேய்ந்த பன்றியில் நாடாப்புழு நீர்க்கட்டிகள் இருக்க வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் செய்வதானால் பண்ணையில் வளர்த்த வெண்பன்றியாக, தெரிந்த கடையில் வாங்கி, 71 டிகிரி செல்சியஸ் வரை விடுங்கள். சற்று வறண்டுதான் போகும். எலுமிச்சை பிழிந்து சமாளிக்கலாம்.

ஓய்வும் வெட்டும்

எடுத்த துண்டைச் சுத்தமான தட்டில் வையுங்கள். பச்சைக் கறி கொண்டுவந்த தட்டில் அல்ல! இடுக்கியும் அப்படியே, பச்சைக்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று. எட்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். இறுக மூடாதீர்கள், மேல்ஓடு நமுத்துவிடும். உடனே வெட்டினால் சாறு முழுக்கப் பலகையில் ஓடி நிற்கும். நூலை அவிழ்த்து, தசைநாருக்குக் குறுக்கே ஒரு விரல் பருமனில் வில்லைகளாக வெட்டுங்கள். பலகையில் தேங்கிய சாற்றில் எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, வில்லைகளின்மேல் ஊற்றுங்கள். குழம்பு இல்லாமல் சாப்பிட முடியாது என்பவர்களுக்கு நான் தரும் சலுகை அதுதான்.

கறி ஓய்வெடுக்கும் நேரத்தில் கரி வீணாகப் போகவேண்டாம். உரித்த சோளக்கதிரைச் சூடான பக்கத்தில் உருட்டி எடுங்கள். பாதியாக வெட்டிய பீச் பழம் கிடைத்தால் வெட்டுப்பக்கம் கீழே இருக்க இரண்டு நிமிடம் வாட்டுங்கள், பன்றிக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் இன்னும் பார்க்கவில்லை. தர்ப்பூசணியை வெறுமனே வெட்டி வைத்தாலே போதும். சோறு வேண்டுமென்றால் தயிர்சாதம் நன்றாகப் போகும், சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

மிச்சம் இருந்தால் வெளியிலேயே வைத்துக் கதை பேசிக்கொண்டிருக்காதீர்கள். வழக்கமாக 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். வெளியே 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான் கெடு. மறுநாள் மைக்ரோவேவில் சூடுபடுத்தினால் மறுபடி அழிரப்பர்தான். குளிரக் குளிர மெல்லியதாகச் சீவி, வெங்காயம், எலுமிச்சையோடு சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுத்துவிடுங்கள். கிரில்லின் காற்றுத் துளைகளை மூட மறந்திருந்தால் இப்போது போய் மூடுங்கள். அணைந்த கரியில் பாதி அடுத்த சனிக்கிழமைக்கு ஆகும்.